வேகப் பயிற்சியின் நன்மையும் அபாயமும்

நாள்தோறும் ஒரு மணி நேரம் நடப்பதற்கு அவகாசம் இல்லாதவர்கள், மூச்சு இரைக்கச் சில நிமிஷங்கள் ஓடியோ சைக்கிள் மிதித்தோ அதே பலனைப் பெற்றுவிடலாம் என்ற பேச்சு இப்போது உடற்பயிற்சிக் கூடங்களில் எங்கும் கேட்கிறது; பயிற்சிக்கு நடுவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து உயிர்நீத்தவரைப் பற்றிய செய்தியும் அவ்வப்போது பத்திரிகைகளில் வந்து, படிப்பவர் மனத்தைக் கலக்கிவிடுகிறது. இவ்விரண்டும் மெய்யே. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறுத்துவிடாமல், அந்த நன்மை எத்தகையது, அந்த அபாயம் யாரை நாடி வருகிறது, அதைத் தணிக்கும் உபாயம் யாது என்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது அவசியம்.

சிறிது நேரம் விரைந்தோடி, சிறிது ஓய்ந்து, மீண்டும் விரையும் இம்முறை புதிதன்று. ஜெர்மானியப் பயிற்சியாளர் வோல்டெமர் கெர்ஷ்லரிடம் இம்முறையில் பயின்ற ருடால்ப் ஹார்பிக் 1939-இல் மிலான் நகரில் 800 மீட்டர் தூரத்தை 1 நிமிஷம் 46.6 விநாடியில் கடந்து நிலைநாட்டிய உலக சாதனை பதினாறு ஆண்டுகள் நின்றது. 400 மீட்டர் ஓட்டத்தை ஒரே நாளில் மீண்டும் மீண்டும் ஓடிப் பழகிய செக் வீரர் எமில் ஸாடோபெக், 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். பந்தய வீரர்களின் உடைமையாக இருந்த அந்தப் பயிற்சி சாதாரண ஜனங்களின் ஆரோக்கியத்துக்கும் உதவுமா என்ற வினாதான் பிற்காலத்தில் எழுந்தது.

உடல் முழு வேகத்தில் பாயும்போது, இருதயமும் நுரையீரலும் பிராணவாயுவைக் கொண்டுவந்து சேர்க்கும் வரையில் தசைகள் காத்திருக்க முடியாது. ஆகவே, அவை தம்மிடம் சேமித்து வைத்துள்ள கிரியேட்டின் பாஸ்பேட்டைச் சில விநாடிகளில் செலவழித்துவிட்டு, கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பை அவசரமாகச் சிதைக்கத் தொடங்குகின்றன. கால்கள் கனத்து, மூச்சு முட்டி, மேலே ஓர் அடியும் எடுத்துவைக்க இயலாத நிலை வருவது அப்போதுதான். இந்த நெருக்கடியே உடலின் உள்ளமைப்புக்கு ஒரு சமிக்ஞையாகிறது. பயிற்சி தொடருமானால், சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியா தசைகளில் பெருகுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இருதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு அதிகரிக்கிறது. இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஏற்றுக்கொள்ளும் திறனும் தசைகளுக்குக் கூடுகிறது.

இதற்குப் பரிசோதனை ஆதாரங்கள் உண்டு. ஜப்பானிய ஆராய்ச்சியாளர் இஸுமி டபாடா 1996-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் வாரம் ஐந்து நாள் ஒரு மணி நேரம் நிதானமாகச் சைக்கிள் மிதித்தனர்; மற்றொரு குழுவினர் 20 விநாடி முழு மூச்சாக மிதிப்பதும் 10 விநாடி ஓய்வதுமாக ஏழெட்டுச் சுற்றுகள் செய்தனர். ஆறு வார முடிவில் பிராணவாயுவைப் பயன்படுத்தும் சக்தி இரு குழுவினருக்கும் வளர்ந்திருந்தது. அதன் துணையின்றி உழைக்கும் சக்தியோ இரண்டாம் குழுவினருக்கு மட்டும் 28 சதவீதம் உயர்ந்தது. அவர்கள் முன்பே பயிற்சி பெற்ற இளைஞர்கள் என்பதையும், வாரத்தில் ஒரு நாள் அரைமணி நேர நிதானப் பயிற்சியையும் சேர்த்தே செய்தனர் என்பதையும், ‘நான்கே நிமிஷம் போதும்’ என்று விளம்பரம் செய்வோர் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலாவும் அவருடைய சகாக்களும் உட்கார்ந்தே வாழ்ந்துவந்த ஆடவரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட சோதனையில், இடையிடையே மூன்று முறை 20 விநாடி வேகம் சேர்ந்த பத்து நிமிஷப் பயிற்சியும், 45 நிமிஷ நிதானப் பயிற்சியும், வாரம் மும்முறையாகப் பன்னிரண்டு வாரங்களில் தேகத் திறனை ஒரே அளவில், அதாவது 19 சதவீதம், உயர்த்தின. நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்ற கூற்று, ஆகவே, வெறும் ஆரவாரம் அன்று.

ஆயினும் தேகத் திறன் உயர்வதும் ஆயுள் நீள்வதும் ஒன்றல்ல. நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரில் 70 முதல் 77 வயது வரையிலான 1,567 பேரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், தீவிரப் பயிற்சி செய்த பிரிவினரிடையே மரணம் சற்றுக் குறைவாகக் காணப்பட்டபோதிலும், அது தற்செயலன்று என்று அறுதியிட்டுச் சொல்லத்தக்க வேற்றுமையாக அமையவில்லை.

இனி அபாயத்தைப் பார்ப்போம். மாரடைப்புக்கு ஆளான 1,228 பேரை அமெரிக்காவில் விசாரித்து 1993-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி, கடும் உழைப்பை அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு நேரும் வாய்ப்பு மற்ற வேளைகளைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு என்று கண்டது. இந்த ஆறு என்பது சராசரியே. வாரத்துக்கு ஒரு முறைகூடக் கடுமையாக உழைத்துப் பழகாதவர்களுக்கு அது 107 மடங்காகவும், வாரத்துக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு 2.4 மடங்காகவும் இருந்தது. வேகம் இருவருக்கும் பொதுவாயிருக்க, பழக்கமே இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கிவிடுகிறது. எனினும், மடங்குக் கணக்கை மட்டும் கண்டு பீதியடைவதும் தகாது. அமெரிக்க ஆண் மருத்துவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்த வேறோர் ஆய்வில், கடும் உழைப்பின்போதோ அதை அடுத்தோ திடீர் மரணம் நேர்ந்தது சுமார் 15 லட்சம் தடவைக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான். இருதய நோயாளிகளிடத்தும், நார்வேயின் மூன்று மறுவாழ்வு நிலையங்களில் மேற்பார்வையுடன் நடந்த தீவிரப் பயிற்சியில் 46,364 மணி நேரத்துக்கு இரண்டே முறை இருதயம் நின்றது, அவ்விருவரும் பிழைத்துக்கொண்டனர்.

நம்மவர் ஒரு விஷயத்தைத் தனியே கருத வேண்டும். முதல் மாரடைப்பு தென்னாசியருக்கு மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாக, சராசரியாக 53 வயதிலேயே, வந்துவிடுகிறது என்று 2007-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டிற்று. இரத்தக் குழாயில் படிந்த கொழுப்பு எந்த அறிகுறியும் காட்டாமல் பல ஆண்டுகள் கிடந்து, அளவு மீறிய உழைப்பில் வெடிக்கக்கூடும். ஆதலால் நாற்பதைக் கடந்தவர்களும், சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, புகைபிடிக்கும் வழக்கம் உடையவர்களும், குடும்பத்தில் இளவயது மரணம் கண்டவர்களும் மருத்துவரைக் கலந்துகொண்ட பிறகே வேகத்தை நாடுவது விவேகம்.

இருதயத்தைவிட அடிக்கடி துன்புறுவது தொடையின் பின்புறத்துத் தசை. ஓட்டத்தில் முன்னே வீசப்படும் காலைத் தரையில் ஊன்றுமுன் தடுத்து நிறுத்த வேண்டிய பொறுப்பு அதனுடையது. நீண்டுகொண்டே இறுக வேண்டிய அந்தக் கணத்தில்தான் அது பெரும்பாலும் கிழிகிறது. 100 மீட்டர் ஓட்டத்தில் 9.58 விநாடி என்ற சாதனைக்குரிய உசேன் போல்ட்டே 2017-இல் லண்டனில் தம் கடைசித் தொடர் ஓட்டத்தின் நடுவே அத்தசை பிடித்துக்கொள்ளத் தடத்தில் விழுந்தார் என்றால், பல ஆண்டுகளுக்குப் பின் திடீரென்று மைதானத்தில் இறங்குபவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பழக்கமில்லாத உடலை முதல் நாளிலேயே வரம்பு மீறி வருத்தினால் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குவதும் உண்டு. தாங்கொணாத வலியும் வீக்கமும், தேயிலைக் கஷாய நிறத்தில் சிறுநீரும் அதற்கு அடையாளம். அப்போது தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால், பின்பற்ற வேண்டிய கிரமம் தானே புலப்படும். முதலில் சில வாரங்கள் விறுவிறுப்பான நடை, அது எளிதான பின்னர், நடைக்கு இடையே ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் மூச்சு இரைக்கும் வேகம், பிறகே ஓட்டம். மேட்டில் ஏறி ஓடுவதும் சைக்கிள் மிதிப்பதும் தொடையின் பின்புறத்துத் தசையை அவ்வளவாக வருத்தாமல் இருதயத்துக்கு வேலை கொடுக்கும். ஒவ்வொரு முறையும் பத்து நிமிஷமாவது உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு இரண்டு, மூன்று முறைக்கு மேல் வேகம் வேண்டாம். காய்ச்சலின்போதும் சித்திரை, வைகாசி நடுப்பகலிலும் அறவே கூடாது. நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், இடது கையிலோ தாடையிலோ வலி ஆகியவை தோன்றினால், அந்தச் சுற்றை முடித்துவிடுவோம் என்று எண்ணாமல் உடனே நிறுத்தி, வைத்திய உதவியை நாட வேண்டும்.

தீவிரப் பயிற்சியால் மிகுந்த நன்மை பெறக்கூடியவர் இதுகாறும் உட்கார்ந்தே வாழ்ந்தவர். முதல் சில வாரங்களில் மிகுந்த அபாயத்துக்கு உட்படுபவரும் அவரே. ஆகவே, புதிதாக வருபவரிடம் அவருடைய வயதையும் நோயையும் பழக்கத்தையும் கேட்டறியாமல் முதல் நாளிலேயே முழு வேகத்தில் ஏவும் எந்தப் பயிற்சிக் கூடமும் தன் கடமையில் தவறுகிறது. அவ்விதம் கேட்காத இடத்தில், நான் பழக்கமில்லாதவன், மெல்லத் தொடங்குகிறேன் என்று தாமாகவே சொல்லும் துணிவு வருபவருக்கு வேண்டும்.