உங்க பணத்துக்கு முதல்ல ஒரு தேதி குறிங்க... அப்புறம் முதலீடு பண்ணுங்க!

சம்பளம் வந்த மறுநாள். ஆபீஸ் கேன்டீன்ல டீ குடிக்கும்போது நண்பர் போனைக் காட்டுறார். 'இந்த ஷேர் ஒரே வாரத்துல 20% ஏறிடுச்சு ப்ரோ!' உடனே நமக்கும் கை பரபரக்கும். ஆப்பைத் திறக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: இந்தப் பணம் உங்களுக்கு எப்போ தேவைப்படும்?

2020-ஐ நினைச்சுப் பாருங்க. ஜனவரியில் 12,300 புள்ளிகளைத் தாண்டிய நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610-க்கு விழுந்தது. உச்சத்தில் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்ட 1 லட்சம் ரூபாய், இரண்டே மாதத்தில் சுமார் 62,000 ஆகிவிட்டது. நவம்பரில் சந்தை பழைய உச்சத்தைத் தாண்டியது. அதனால், காத்திருக்க முடிந்தவர் தப்பித்தார். ஏப்ரலில் தங்கை கல்யாணத்துக்குப் பணத்தை எடுத்தே ஆக வேண்டியவருக்கு நஷ்டம் உறுதி. ஃபண்ட் ஒண்ணுதான், தேதிதான் வேற.

எல்லா வீழ்ச்சியும் இவ்வளவு சீக்கிரம் சரியாகிவிடாது. 2008 ஜனவரியில் தொட்ட உச்சத்தை நிஃப்டி மீண்டும் எட்ட 2010 நவம்பர் வரை ஆனது.

அதனால், பணத்தை மூன்றாகப் பிரிச்சுக்கோங்க.

எப்போ வேணும்னாலும் தேவைப்படும் பணம்: திடீர்னு வேலை போகலாம், வீட்டில் ஆஸ்பத்திரி செலவு வரலாம். ஆறு மாதச் செலவுக்கான தொகை சேவிங்ஸ் அக்கவுன்ட்டிலும் எஃப்.டி-யிலும் இருக்கட்டும். ஒரு வங்கியில் ஒருவர் போட்டிருக்கும் டெபாசிட்டுக்கு, வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.

ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணம்: கல்யாணம், பைக், மேற்படிப்பு. எஃப்.டி., ஆர்.டி. போதும். வட்டி கம்மிதான். ஆனா, தேவைப்படும் நாளில் பணம் முழுசா கையில் இருக்கும்.

அதற்குப் பிறகு தேவைப்படும் பணம்: இதுதான் பங்குச் சந்தைக்கான பணம். ஒரே கம்பெனி ஷேரில் மொத்தமாகப் போடாமல், இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி. ஆரம்பிக்கலாம். 50 கம்பெனிகளில் ஒன்று சரிந்தாலும் மற்றவை தாங்கும். ஆனால், சந்தையே சரிந்தால் இதுவும் சரியும். 'என் 1 லட்சம் 62,000 ஆனா பதறி வித்துடுவேன்' என்று தோன்றினால், தொகையைக் குறைச்சுக்கோங்க. அதில் வெட்கப்பட ஒண்ணுமில்லை.

சரி, எஃப் அண்ட் ஓ? 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளை செபி ஆராய்ந்தது. அதில் ஈடுபட்ட தனிநபர்களில் 93% பேருக்கு நஷ்டம். சராசரியாக ஒருவர் இழந்தது சுமார் 2 லட்சம் ரூபாய். கேன்டீனில் ஸ்கிரீன்ஷாட் காட்டுறவங்க, இந்த 93% பேர் கதையைச் சொல்றதே இல்லை.

இன்னிக்கு ராத்திரி போன் நோட்ஸைத் திறங்க. கையில் இருக்கும் ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில், அது எப்போ தேவைன்னு எழுதுங்க. எதை எங்கே போடணும்னு பாதி பதில் அதிலேயே கிடைச்சுடும்!