இன்டர்ஃபெரான்: சிறு புரதம் மருந்தாகச் செயல்படுவது எப்படி?

கொரோனா இரண்டாம் அலை தீவிரமடைந்திருந்த 2021 ஏப்ரல் 23-ஆம் தேதி, அகமதாபாத்தைச் சேர்ந்த சைடஸ் காடிலா நிறுவனத்தின் ‘விராஃபின்’ மருந்துக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அவசரகால அனுமதி அளித்தார். மிதமான பாதிப்புள்ள பெரியவர்களுக்கு ஒரே ஊசியாகச் செலுத்தப்படும் இம்மருந்தின் அடிப்படை, இன்டர்ஃபெரான் ஆல்ஃபா-2பி என்னும் புரதமாகும்.

வைரஸ் தாக்கிய செல்கள், அண்டை செல்களை எச்சரிப்பதற்காக வெளியிடும் புரதமே இன்டர்ஃபெரான். 1957-இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜீன் லிண்டன்மன் ஆகியோர் இதைக் கண்டறிந்தனர்.

ஆல்ஃபா-2பி, 165 அமினோ அமிலங்களாலான சங்கிலி. ஐந்து சுருள்களாக மடிந்துள்ள இதன் வடிவத்தை இரு டைசல்பைடு பிணைப்புகள் உறுதிப்படுத்துகின்றன. இப்புரதம் நேரடியாக வைரஸை அழிப்பதில்லை. செல்லின் மேற்பரப்பிலுள்ள இரு ஏற்பிகளை ஒன்றிணைக்கிறது. அதனால் எழும் சமிக்ஞை உட்கருவை அடைந்து, வைரஸ் பெருக்கத்தைத் தடுக்கும் மரபணுக்களைத் தூண்டுகிறது.

மூலக்கூறு சிறியது என்பதால், சிறுநீரகங்கள் இதனை ரத்தத்திலிருந்து விரைவில் அகற்றிவிடும். ஆகவே, ஹெபடைடிஸ்-சி நோயாளிகளுக்கு முன்பு வாரம் மூன்று ஊசிகள் தேவைப்பட்டன. பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலியைப் புரதத்துடன் இணைத்தபோது, ஏற்பியைப் பற்றும் திறன் குறைந்தாலும், மருந்து உடலில் நீடித்து நின்றது. வாரம் ஓர் ஊசி போதுமானதாயிற்று. விராஃபினிலும் இதே முறை கையாளப்பட்டுள்ளது.

எனினும், எல்லா நிலைகளிலும் இன்டர்ஃபெரான் பலன் தருவதில்லை. உலக சுகாதார அமைப்பின் ‘சாலிடாரிட்டி’ ஆய்வில், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கொரோனா நோயாளிகளின் உயிரிழப்பை இன்டர்ஃபெரான் பீட்டா-1ஏ குறைக்கவில்லை. காய்ச்சல், சோர்வு, மனச்சோர்வு போன்ற பக்க விளைவுகளும் இவ்வகை மருந்துகளால் ஏற்படக்கூடும். எனவே, விராஃபினை நிபுணரின் பரிந்துரைப்படி மருத்துவமனைகளில் மட்டுமே பயன்படுத்த அனுமதிக்கப்பட்டது.