அறுவைக்குப் பின்னும் காவல் வேண்டும்

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் நம் நாட்டில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் காணப்பட்டதாக 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு தெரிவிக்கிறது. அறுவை, கதிர்வீச்சு, மருந்து யாவும் முடிந்து, நேர்த்திக்கடனும் செலுத்திவிட்டால் நோய் தீர்ந்தது என்றே நம்மவர்கள் எண்ணுகிறோம். ஆனால் சிலருக்கு அது திரும்பி வருகிறது. பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள். அதனால்தான் மருத்துவர்கள் ஐந்தாண்டுக் காலம் வரச் சொல்கிறார்கள்.

அந்நாட்களில் 'சி.இ.ஏ.' என்னும் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். சி.டி. ஸ்கேனில் ஈரலையும் நுரையீரலையும் பார்ப்பார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். மலக்குடல் இடுப்பெலும்புக் கூட்டின் ஆழத்தில் இருக்கிறது. அறுவையும் கதிர்வீச்சும் அங்கே தழும்பை விட்டுச் செல்கின்றன. சி.டி. படத்தில் அத்தழும்பும் புதிதாக முளைத்த கட்டியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும்.

எம்.ஆர்.ஐ. இங்குதான் கைகொடுக்கிறது. வலிய காந்தத்துக்குள் வானொலி அலை பட்டதும், உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் சமிக்ஞை தருகின்றன. நாட்பட்ட தழும்பில் நார் அதிகம், நீர் குறைவு. ஆகவே படத்தில் கருமையாக விழும். கட்டி சற்று வெளிறித் தெரியும். கட்டியின் உயிரணுக்கள் நெருக்கமாக இருப்பதால் நீர் தாராளமாக அசைய முடியாது. அதையும் இக்கருவி அளந்து காட்டும். சிகிச்சை முடிந்த புதிதில் வீக்கம் இருப்பதால் குழப்பம் நேரலாம். முன்னெடுத்த படத்தோடு ஒப்பிடுவதே சிறப்பு. ஐயம் தீராவிட்டால் ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதிப்பார்கள்.

சிறிதாக இருக்கையிலேயே கண்டால் மீண்டும் அறுத்து அகற்ற வழியுண்டு. பிரிட்டனில் 1,202 பேரைக் கவனித்து 2014இல் வெளியான ஆய்வில், இரத்தப் பரிசோதனையோ சி.டி.யோ முறையாகச் செய்துகொண்டவர்களில் அதிகம் பேருக்கு அந்த வாய்ப்புக் கிட்டியது. ஆயுள் கூடியதாக அவ்வாய்வு நிரூபிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகம் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. போனால் ஒருநாள் சம்பளம் போகும். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதியை விட்டுவிடுவது இதனால்தான். பிள்ளைகள் விடுப்பெடுத்தாவது அழைத்துச் செல்லட்டும்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. ஓசைதான் பலமாக இருக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர், எலும்பில் தகடு உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். நகை, அரைஞாண், தாயத்து யாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற அஞ்சியே தாய்மார்கள் சிலர் தயங்குகிறார்கள். மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் ஒன்றைக் கட்டிக்கொண்டு, தாலியைக் கணவரிடமே கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். இதில் குற்றமொன்றுமில்லை என்பது அடியேனின் கருத்து.