காணிக்கையும் வரியும்: ஏழைக்கு எது உரியது?

பட்டிப்பொலப் பக்கம் மழை விடாமல் பிடித்து வேலை நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆலயத்திலிருந்து லயத்துக்கு ஓர் உலர் உணவுப் பொதி வருகிறது: அரிசி, பருப்பு, மாவு, சீனி. அதே வீட்டின் வங்கிக் கணக்கில் அரசின் அஸ்வெசும நலன்புரிப் பணமும் விழுகிறது. முதலாவது மனமுவந்து கொடுத்தது. இரண்டாவது அரசு வரியாக எடுத்துப் பகிர்ந்தது. "கட்டாயமாக வாங்கிக் கொடுப்பது எப்படி அன்பாகும்?" என்று விசுவாசிகள் சிலர் கேட்கிறார்கள்.

கேள்வியில் நியாயம் உண்டு. கட்டாயத்தால் அல்ல, உற்சாகமாய்க் கொடுக்கும்படி பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது என்று பேதுரு அனனியாவிடம் கேட்டார். ஆனால் வேதம் அதோடு நின்றுவிடவில்லை. வயலின் ஓரங்களை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விடச் சொல்கிறது லேவியராகமம் 19ஆம் அதிகாரம். ஐம்பதாம் ஆண்டில் நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்கிறது 25ஆம் அதிகாரம். இவை நியாயப்பிரமாணம், முதலாளியின் மனநிலையைப் பொறுத்தவை அல்ல. நம் ஊர் லீக்ஸ், கரட் பாத்திகளின் ஓரத்தை அப்படி விட்டால், ஏழை வாசலில் நின்று கும்பிட வேண்டியதில்லை. தானே இறங்கிப் பிடுங்கிக்கொள்வார். அது அவருக்குரிய பங்கு.

அப்படியானால் அரசு பகிர்ந்தால் போதுமா? மலையகம் பட்டது வேறு. 1972இல் ஒருவருக்கு 50 ஏக்கர் என்று காணி உச்சவரம்பு வந்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. துரைமாரின் காணி கைமாறியது, லயத்துச் சனம் காணியில்லாமலே இருந்தது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களைப் பங்குக்குரிய மக்களாக யாரும் எண்ணவில்லை. தோட்டக் காணிகளை வெளியாருக்குப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த போராட்டத்தில், 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். பகிர்வு என்ற பெயரில் ஏழையிடமிருந்தே எடுக்கவும் அரசால் முடியும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

அந்தக் காலத்தில்தான் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்யோதய நிறுவனத்தைத் தொடங்கினார். ஆண்டு 1972. தோட்ட மக்களின் உரிமைக்காகச் சிங்கள, தமிழ் மக்களைச் சேர்த்து நிறுத்தியது அவருடைய பணி. தொண்டு என்பது இந்த அளவுக்குப் போக வேண்டும் என்பேன். பதின்மூன்றாம் லியோ பாப்பரசரும் 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் தொழிலாளியின் நியாயமான கூலியை நீதியின் கணக்கில்தான் வைத்தார். கூலியைக் குறைத்துவிட்டுக் கிறிஸ்மஸுக்குப் பொதி கொடுப்பது அந்தக் கணக்கைத் தீர்க்காது.

இன்னொன்று. வரி பணக்காரர் பணம் மட்டுமல்ல. 2024 முதல் வற் வரி 18 சதவீதம். கொழுந்து பறிக்கும் அக்கா சோப்பு வாங்கினாலும் அதைக் கட்டுகிறார். 2023இல் அஸ்வெசும தொடங்கியபோது மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா என்றார்கள். அதில் அவர் கட்டிய வரியும் இருக்கிறது.

திடீர் நோய்க்கும் மண்சரிவுக்கும் அரசின் கடிதம் வரும்வரை காத்திருக்க முடியாது. அங்கே சபையின் கைதான் முந்த வேண்டும். கூலி, காணி, முதுமை போன்றவற்றுக்குச் சட்டம் வேண்டும். ஆகவே காணிக்கை போடுங்கள், பொதியும் கட்டுங்கள். அத்தோடு, அஸ்வெசும பட்டியலில் பெயர் விடுபட்ட ஒருவர் உங்கள் சபையில் இருந்தால், மேன்முறையீட்டை எழுதிக் கொடுத்து, கிராம சேவகர் அலுவலகத்துக்கு அவரோடு நீங்களும் போங்கள்.