பலவகைப் பள்ளிகளும் நம் ஊர்ப் பிள்ளைகளும்

கல்வி வேண்டும் என்பதைக் கிராம மக்களுக்கு இன்று எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உப்பளத்தில் கூலி வேலை செய்யும் தாயும், கடலுக்குச் செல்லும் தந்தையும், மணிலா பயிரிடும் உழவரும் தம் மக்கள் படித்து முன்னேற வேண்டும் என்றே விரும்புகின்றனர். ஆயினும் எந்தப் பள்ளியில் சேர்ப்பது, ஒரு பள்ளிக்கும் மற்றொன்றுக்கும் என்ன வேற்றுமை, நடுவில் பள்ளியை மாற்றினால் என்ன நேரும் என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் பலர் திகைக்கின்றனர். அவர்கள் முதலில் நாடி வருவது தம் ஊராட்சி உறுப்பினரைத்தான். ஆகவே இவ்விஷயத்தை ஊராட்சி உறுப்பினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

ஒரே கரையில் பல முறைகள்

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரமாக அமைந்தவை மரக்காணம், வானூர் ஆகிய இரு ஊராட்சி ஒன்றியங்கள். வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். தெற்கே செம்மண் மேட்டில் ஆரோவில். அதற்கும் தெற்கே புதுச்சேரி எல்லை. பேருந்தில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கடந்துவிடக் கூடிய இச்சிறு பகுதியில், உலகில் உள்ள கல்வி முறைகள் பலவற்றையும் ஒருங்கே காணலாம்.

முதலாவது, நம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளும். 1958-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது, கிராமத் தொடக்கப் பள்ளிகள் அவற்றின் பொறுப்பில் வந்தன. 1981-ஆம் ஆண்டில் அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆயினர். எனினும் கட்டடப் பராமரிப்பு போன்ற பொறுப்புகள் ஒன்றியத்திடமே நின்றன. பள்ளிப் பலகையில் ‘ஊராட்சி ஒன்றியம்’ என்னும் சொல் இன்றும் இருப்பதன் காரணம் இதுவே. அது நம்முடைய பள்ளி என்பதை அச்சொல் நமக்கு நினைவூட்டுகிறது.

இரண்டாவது, தனியார் பள்ளிகள். முன்னர்த் தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு வகைப் பாடத்திட்டங்கள் இருந்தன. 2010-ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டம் இவற்றை ஒன்றாக்கியது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதனை அவ்வாண்டே நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. எனவே பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக்கும் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் பாடம் ஒன்றே. ‘மெட்ரிக் படிப்பு உயர்ந்த படிப்பு’ என்று கருதிக் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் பெற்றோர் இதனை அறிதல் வேண்டும். பயிற்று மொழியும் வசதிகளும் மாறுபடலாம்; பாடப் பகுதி மாறுபடுவதில்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தைச் சேர்ந்த தனியார் பள்ளிகளுக்குப் பாடத்திட்டம் வேறு.

மூன்றாவது, ஆரோவில் பள்ளிகள். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவிலில் இன்று 50-க்கும் மேற்பட்ட நாட்டினர் வாழ்கின்றனர். அங்குள்ள கல்விக்கு மூலம், புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் 1943-இல் தொடங்கிய பள்ளியாகும். குழந்தை தன் விருப்பத்திற்கும் வேகத்திற்கும் ஏற்பத் தானே முன்னேறட்டும், தேர்வும் பட்டமும் கல்வியின் நோக்கமாகா என்பது அம்முறையின் கருத்து. ஆரோவில்வாசிகளின் பிள்ளைகளுக்கான பள்ளிகளோடு, சுற்றுக் கிராமப் பிள்ளைகளுக்கென்றும் அங்குப் பள்ளிகள் எழுந்தன. ஆலங்குப்பத்தை அடுத்த இசை அம்பலம் பள்ளி, இடையஞ்சாவடியில் உதவிப் பள்ளி, குயிலாப்பாளையத்தில் ஐக்கியம் பள்ளி ஆகியவை இவ்வகையின. கையால் செய்து கற்றல், தோட்ட வேலை, இசை, விளையாட்டு ஆகியவற்றிற்கு இவை சிறப்பிடம் தருகின்றன.

நான்காவது, புதுச்சேரி. நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றிய புதுச்சேரி அரசுப் பள்ளிகள், படிப்படியாக மத்திய வாரியப் பாடத்திட்டத்திற்கு மாறின. 2023-24 கல்வியாண்டில் உயர் வகுப்புகளுக்கும் அது வந்தது. இவையன்றி, 1826-இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சுப் பள்ளி ஒன்றும் அந்நகரில் பிரெஞ்சு நாட்டுப் பாடத்தை நடத்தி வருகிறது.

பிற நாடுகள் காட்டும் பாடம்

இத்தனை முறைகளில் எது சிறந்தது என்று பலர் வினவுவர். பிற நாடுகளிலும் இவ்வேற்றுமைகள் உண்டு. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில், நான்காம் வகுப்பு முடிந்ததுமே, ஏறத்தாழப் பத்து வயதில், பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிந்து செல்கின்றனர். பின்லாந்திலோ பதினாறு வயது வரை அனைவருக்கும் ஒரே பொதுப்பள்ளி. நாடு தழுவிய பெருந்தேர்வு மேல்நிலைக் கல்வியின் முடிவில்தான் வரும். பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் இலவச உணவு அந்நாட்டில் 1948-ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. தேர்வு குறைவாக இருந்தும் அந்நாட்டின் கல்வி தாழ்ந்துவிடவில்லை. எல்லாப் பிள்ளைகளும் நல்ல பள்ளிக்குள் வந்துவிட்டனர் என்பதே அதற்கு ஒரு முக்கிய காரணம்.

அண்டை நாடான இலங்கை மற்றொரு பாடத்தைக் கற்பிக்கிறது. அங்கு 1945-ஆம் ஆண்டிலேயே தொடக்க வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாக்கப்பட்டது. எனினும் மலையகத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரான நம் தமிழ் மக்களின் பிள்ளைகள் தோட்ட நிர்வாகத்தின் சிறு பள்ளிகளிலேயே தங்கிவிட்டனர். அப்பள்ளிகளை அரசு ஏற்றுக்கொண்டது 1970-களில்தான். நாட்டிற்கே திறந்த வாசல் கூலித் தொழிலாளரின் பிள்ளைக்கு ஒரு தலைமுறை தாமதமாகத் திறந்தது.

ஆகவே எந்த முறை சிறந்தது என்பதைக் காட்டிலும் முந்திக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அம்முறைக்குள் யார் நுழைய முடிகிறது, நுழைந்தவர் இறுதிவரை செல்ல முடிகிறதா என்பதே அது.

வாசல் எங்கே அடைபடுகிறது

தமிழ்நாடு இதில் முன்னோடி என்பதில் ஐயமில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920-இல் தொடங்கிய மதிய உணவு, காமராசர் ஆட்சியில் 1956-இல் மாநிலமெங்கும் பரவியது. 1982-இல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. இருந்தும் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மாநிலத்தின் எழுத்தறிவு நூற்றுக்கு 80 ஆக இருக்க, அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் அது ஏறத்தாழ 72 ஆகவே இருந்தது.

காரணத்தை உப்பளத்தில் காணலாம். மழை ஓய்ந்து தை பிறந்ததும் பாத்திகள் செப்பனிடப்படுகின்றன. பங்குனி, சித்திரை வெயிலில் உப்பு வாருதல் மிகும். ஐப்பசி மழையோடு வேலை நின்றுவிடும். பள்ளியின் ஆண்டுத் தேர்வு நடைபெறுவதும் அதே பங்குனி, சித்திரையில்தான். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டித் தாய் விடியுமுன்னே அளத்திற்குப் புறப்பட்டு விடுகிறாள். வீட்டில் மூத்த பெண் இருந்தால் தண்ணீர் பிடிப்பதும், தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அனுப்புவதும் அவள் தலையில் விழுகின்றன. முதலில் வாரம் ஒரு நாள் பள்ளி தவறும். பிறகு இரண்டு நாள். பிறகு பெயர் மட்டும் பதிவேட்டில் நிற்கும்.

2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இத்தகைய குடும்பங்களுக்குப் பேருதவியாக வந்தது. ஆனால் அது ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்காக வகுக்கப்பட்ட திட்டம். ஆறாம் வகுப்பில் பள்ளியும் தொலைவாகிறது. வாசல் அடைபடும் முதல் இடம் அதுவே. இரண்டாவது இடம் எட்டாம் வகுப்பின் முடிவு. கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ளோருக்கே பொருந்தும். அதன்பின் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தி வைப்பது பெற்றோரின் மன உறுதியும் ஊரின் அக்கறையுமே.

மூன்றாவது தடை சான்றிதழ். இக்கரையில் வாழும் இருளர் குடும்பங்கள் வேலை தேடி இடம் பெயர்வதால், பிறப்புச் சான்றோ சாதிச் சான்றோ இல்லாத பிள்ளைகள் உளர். சான்று இல்லையெனச் சேர்க்கத் தயங்குவதும், சேர்ந்த பின் உதவித்தொகை கிடைக்காமற் போவதும் நேர்கின்றன.

சட்டம் தரும் உரிமைகள்

2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் முக்கிய கூறுகளை ஒவ்வோர் உறுப்பினரும் அறிந்திருக்க வேண்டும்.

வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்றோ கூறிச் சேர்க்கையை மறுத்தல் கூடாது. பள்ளிக்கே வராத பத்து வயதுப் பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி அளித்தல் வேண்டும். சேர்க்கைக்கு நன்கொடை வாங்குதலும், பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்துச் சலித்தெடுத்தலும் குற்றம். சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாக, தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்குமாறு சட்டம் கூறுகிறது. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைதல் வேண்டும்; அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும்.

பள்ளியை மாற்றுமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

வெவ்வேறு முறைகள் அருகருகே இருப்பதில் நன்மை உண்டு. ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது பிள்ளை சில உரிமைகளை இழக்கக் கூடும்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றோருக்கு மருத்துவப் படிப்பில் நூற்றுக்கு 7.5 இடங்கள் 2020-ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் அது விரிந்தது. உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் ரூ. 1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கின. இவற்றிற்கும் ஆறாம் வகுப்பு முதல் எங்கே படித்தார் என்பதே அளவுகோல். ஏழாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கோ எல்லை தாண்டிப் புதுச்சேரிக்கோ அனுப்பிப் பின் திரும்ப அழைக்கும் பெற்றோர், இந்த உரிமை கைநழுவுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டறிந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

தேர்வில்லாத முறையில் பயிலும் பிள்ளைக்கும் ஒரு நாள் சான்றிதழ் தேவைப்படும். தனித்தேர்வராகவோ தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ பத்தாம் வகுப்புத் தேர்வை எழுத வழியுண்டு. அதனைப் பதினான்கு வயதிலேயே திட்டமிடுதல் நன்று. அதே சமயம், அப்பள்ளிகளிலிருந்து நாமும் கொள்ளத்தக்கது உண்டு. கேள்வி கேட்கும் பிள்ளையை அடக்காமை, கையால் செய்து கற்பித்தல் ஆகியவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் சென்று பார்த்து வருவது பயன் தரும்.

ஊராட்சி செய்யக் கூடியவை

முதலாவதாக, ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் ஒரு கணக்கு எடுங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்தோர் யார், எட்டாம் வகுப்பு முடித்தோர் யார் என்று பெயர்ப் பட்டியல் எழுதி, ஜூன் மாத இறுதியில் அவர்களுள் எவர் அடுத்த பள்ளியில் சேரவில்லை எனச் சரிபாருங்கள். ஓர் ஊராட்சியில் இது சில பத்துப் பெயர்களே. விடுபட்ட வீட்டிற்கு உறுப்பினர் நேரில் செல்லுதல் எந்தச் சுற்றறிக்கையையும் விடப் பயன் தரும்.

இரண்டாவதாக, எட்டாம் வகுப்பு மாணவரைத் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் உதவித்தொகைத் தேர்வுக்கு அனுப்பச் செய்யுங்கள். ஆண்டு வருமானம் ரூ. 3,50,000-க்கு மிகாத குடும்பத்துப் பிள்ளை அதில் தேர்ச்சி பெற்றால், பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ. 12,000 கிடைக்கும். ஒன்பதாம் வகுப்பில் நிற்கவிருந்த பிள்ளையை இத்தொகை பள்ளியில் நிறுத்தி வைக்கும்.

மூன்றாவதாக, பழங்குடியினர் சாதிச் சான்று கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரால் வழங்கப்படுவது. கூலியை விட்டு அலுவலகத்திற்கு நடக்க இயலாத குடும்பங்களின் மனுக்களை ஊராட்சியே திரட்டி அனுப்பலாம்.

நான்காவதாக, உப்பு வாரும் மாதங்களில் மாலைப் படிப்பிற்கு ஓர் இடமும் விளக்கும் ஏற்பாடு செய்யுங்கள். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் நெடுநாள் மூடப்பட்ட பின், ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கி வைக்கப்பட்டது மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான். ஊர்ப் பெண்களே ஆசிரியராகி, தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். அந்த அனுபவம் நம் கிராமங்களில் இருக்கிறது, அதனை வீணாக்கலாகாது.

இறுதியாக, கிராம சபைக் கூட்டத்தில் சாலைக்கும் குடிநீருக்கும் அடுத்துப் பள்ளிக்கும் ஒரு பொருள் ஒதுக்குங்கள். எத்தனை பிள்ளைகள் சேர்ந்தனர் என்பதோடு, எத்தனை பேர் நின்றுவிட்டனர் என்பதையும் அங்கே வாசிக்கச் செய்யுங்கள்.

பள்ளி முறைகள் மாறும், பாடநூல்கள் மாறும், வாரியங்கள் மாறும். உப்பளத் தொழிலாளியின் மகளும் பன்னிரண்டாம் வகுப்பு வரை சென்று சேர வேண்டும் என்னும் கடமை மாறாது. அக்கடமையில் அரசு செய்ய வேண்டிய பங்கு பெரிது. ஆயினும் எந்த வீட்டுப் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை என்பதை முதலில் அறியக் கூடியவர் அந்தத் தெருவின் ஊராட்சி உறுப்பினரே ஆவார்.