விளையாட்டுக் கணினி வாங்கப் போகிறீர்களா?

மேல்நிலைத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் பலர் இன்று வீட்டில் கேட்பது கணினியைத்தான். அதுவும் உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்தெடுத்துப் பொருத்தும் விளையாட்டுக் கணினி. “படிப்புக்கும் ஆகும், விளையாட்டுக்கும் ஆகும் வாப்பா” என்று கூறி ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள். அதிலுள்ள பெயர்களும் எண்களும் பெற்றோருக்கு விளங்குவதில்லை. அடியில் உள்ள தொகை மட்டும் விளங்குகிறது. அது 80,000 ரூபாயாக இருக்கலாம். ஒரு இலட்சத்தை நெருங்கவும் செய்யலாம். வளைகுடா வெயிலில் உழைத்து அனுப்பிய பணமாகவோ, கடை வருமானத்தில் சிறுகச் சேர்த்த பணமாகவோ இருக்கும் அத்தொகையைப் பட்டியலின் பொருள் அறியாமல் எடுத்துக் கொடுப்பது முறையாகாது.

இதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஓர் அடிப்படையை மனத்தில் கொண்டால் போதும்: உறுப்புகள் அனைத்தும் உயர்ந்தவையாக இருக்க வேண்டும் என்பதில்லை, அவை ஒன்றுக்கொன்று ஈடானவையாக இருக்க வேண்டும்.

திரையிலிருந்து தொடங்குங்கள்

பலரும் முதலில் கணினியைத் தீர்மானித்துவிட்டு, எஞ்சிய பணத்தில் திரை வாங்குகின்றனர். இது தலைகீழான முறை. 1920க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 2560க்கு 1440 திரையில் அது 36.8 இலட்சத்தைத் தாண்டுகிறது. 4கே எனப்படும் 3840க்கு 2160 திரையிலோ முதலாவதைப் போல் சரியாக நான்கு மடங்கு. விளையாட்டு சீராக ஓட, இத்தனை புள்ளிகளும் ஒரு விநாடியில் 60 முறையேனும் புதிதாக வரையப்பட வேண்டும். எனவே, திரையின் அளவே வேலையின் அளவைத் தீர்மானிக்கிறது.

60 ஹெர்ட்ஸ் திரை விநாடிக்கு 60 படங்களுக்கு மேல் காட்டாது. அத்திரையை வைத்துக்கொண்டு விநாடிக்கு 144 படங்கள் வரையும் கணினியை வாங்கினால், பணத்தின் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாமல் போகும். நடுத்தரச் செலவில் வாங்குவோருக்கு 1080 திரையோ, சற்றுக் கூடுதல் வசதி இருப்பின் 1440 திரையோ பொருத்தமானது.

பெரும் பங்கு எதற்கு?

விளையாட்டில் அடுத்து என்ன நிகழ வேண்டும் என்று கணக்கிடுவது பிராசசர். அதைப் படமாக வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. இலட்சக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் கணக்கிட, அதனுள் ஆயிரக்கணக்கான சிறு கணக்கீட்டு அலகுகள் இயங்குகின்றன. ஆகவே, திரை நீங்கலான தொகையில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரு பங்கு வரை இதற்கு ஒதுக்குவது நியாயமே.

இங்கே பெயரைக் கண்டு ஏமாறக் கூடாது. 2016இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1060 கார்டு, 3 ஜிபி, 6 ஜிபி என இரு நினைவக அளவுகளில் விற்கப்பட்டது. நினைவகம் மட்டுமே வேறு என்று வாங்கியவர்கள் எண்ணினர். ஆனால், கணக்கீட்டு அலகுகளும் ஒன்றில் 1152, மற்றொன்றில் 1280 என மாறியிருந்தன. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகியவையும் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகையாக வந்தன. கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டால், தகவல்கள் கணினியின் பொது நினைவகத்திலிருந்து நெடுவழியே வந்து சேர வேண்டும். படம் திக்கித் திக்கி ஓடும். பல ஆண்டுகள் உழைக்க வேண்டும் எனில் கூடுதல் நினைவகமே நன்று.

பிராசசருக்கு ஆறு கோர்கள் போதும். 2023இல் வந்த ரைசன் 5 7600 இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அது பொருந்தும் ஏஎம்5 சாக்கெட் 2022இல் அறிமுகமானது. பின்னர் வந்த புதிய பிராசசர்களும் அதிலேயே பொருந்துகின்றன. இதனால் சில ஆண்டுகள் கழித்து மதர்போர்டை மாற்றாமல் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள வழியுண்டு. இதில் எளிய கிராஃபிக்ஸ் வசதியும் உள்ளேயே அமைந்திருக்கிறது. ஆகவே கையில் பணம் குறைவெனில், கார்டு இல்லாமலேயே கணினியை அமைத்துப் படிப்பைத் தொடங்கலாம். கார்டை ஆறு மாதம் கழித்து வாங்கலாம். இன்டெல் பிராசசர்களில் பெயரின் இறுதியில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் இவ்வசதி கிடையாது என்பதை நினைவில் வைக்கவும்.

16 ஜிபி ரேம் வாங்கினால், ஒரே 16 ஆக வாங்காமல் இரண்டு 8 ஆக வாங்குங்கள். ஒரு வாசலுக்கு இரு வாசல்கள் திறந்தது போல் தகவல்கள் விரைந்து செல்லும். 2025ஆம் ஆண்டின் இறுதியில் ரேம் விலை கடுமையாக உயர்ந்தது. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கெனச் சில்லுகள் பெருமளவில் திருப்பிவிடப்பட்டதே அதற்குக் காரணம். எனவே, பழைய விலைப் பட்டியலை நம்பி வரவுசெலவு போடாதீர்கள்.

சிக்கனம் கூடாத இடம்

கடைக்காரர்கள் எஸ்எம்பிஎஸ் என்று கூறும் மின்வழங்கியில்தான் பெரும்பாலோர் கை வைக்கின்றனர். அது வேகத்தைக் கூட்டுவதில்லை. ஆதலால் வீண் செலவாகத் தோன்றுகிறது. ஆனால், மற்ற உறுப்புகள் அனைத்தும் அதை நம்பியே வாழ்கின்றன. தரமற்ற மின்வழங்கி பழுதாகும்போது தான் மட்டும் போவதில்லை. மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக்கொண்டு போகக்கூடும்.

மேலே சொன்ன பிராசசரும் கார்டும் கொண்ட கணினி 350 வாட்டைத் தாண்டுவது அரிது. பெயர் பெற்ற நிறுவனத்தின் 550 அல்லது 650 வாட் மின்வழங்கி தாராளமாகப் போதும். பெயரில்லாத மின்வழங்கியின் மேல் 800 என்று அச்சிட்டிருப்பதால் பயனில்லை. 80 பிளஸ் முத்திரை, மின்சாரம் எவ்வளவு குறைவாக வீணாகிறது என்பதையே சொல்கிறது. பாதுகாப்புக்கு அது உறுதிமொழியன்று. வீட்டு மின்இணைப்பில் எர்த் சரியாக உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்வது அவசியம்.

இதற்கான பணம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். வண்ண விளக்குகளைக் குறைத்தால் வரும். அவை ஒரு படத்தைக்கூட விரைவாக வரைவதில்லை. முன்பக்கம் காற்று புகும் வலையமைப்புள்ள எளிய கேபினட்டே வெப்பத்தை வெளியேற்ற உதவும்.

வாங்கும்போது

ஒவ்வோர் உறுப்புக்கும் வரிசை எண்ணுடன் கூடிய ஜிஎஸ்டி ரசீது பெறுங்கள். விலை குறைவென்று துபாயிலிருந்து கார்டு கொண்டுவரச் சொல்வதற்கு முன், அதன் உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என விசாரியுங்கள். பல நிறுவனங்கள் வாங்கிய நாட்டில் மட்டுமே பழுது பார்த்துத் தருகின்றன. பழைய கார்டு வாங்குவதாயின், அரை மணி நேரமேனும் கடும் விளையாட்டொன்றை ஓட்டிப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.

இறுதியாக, பட்டியலைத் தந்த பிள்ளையை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேளுங்கள். “இது எதற்கு? இதைவிடக் குறைந்த விலையில் வாங்கினால் எதை இழப்போம்?” விடை சொல்லத் தெரிந்த பிள்ளை, அந்தக் கணினியைப் பொறுப்புடன் ஆளவும் அறிந்திருக்கும். விடை தெரியாத வரிகள் எவையோ, உங்கள் பணம் மிச்சமாகும் இடங்களும் பெரும்பாலும் அவையே.