நடந்தால் வலி, உட்கார்ந்தால் சுகம்!

“நாலு வீடு தாண்டுவதற்குள் கால் கடுக்கிறது, உட்கார்ந்தால் ஒன்றுமே இல்லை” என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், ‘சாக்குச் சொல்கிறார்’ என்று எண்ணிவிடாதீர்கள். வயதானவர்களுக்கு வரும் ஒரு வியாதியின் அடையாளமே இதுதான்.

நமது முதுகெலும்பின் நடுவே ஒரு குழாய் போன்ற வழி இருக்கிறது. கால்களுக்குச் செல்லும் நரம்புகள் அதன் வழியேதான் இறங்குகின்றன. வயது ஏற ஏற, எலும்புகளுக்கு இடையே மெத்தை போலிருக்கும் வட்டுகள் பிதுங்குகின்றன. மூட்டுகளும், எலும்புகளைப் பிணைக்கும் நார்களும் தடிக்கின்றன. இடுப்புப் பகுதியில் வழி குறுகி, நரம்புகள் நெருக்குண்டு போகின்றன.

நிமிர்ந்து நின்றால் அந்த வழி இன்னும் இறுகும்; குனிந்தால் சற்று அகலும். கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி நடந்தால் வலி குறைவதன் ரகசியம் இதுவே! ரத்தக் குழாய் அடைப்பினாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அது சும்மா நின்றாலே அடங்கிவிடும். இந்த வித்தியாசத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஹாலந்து நாட்டு அறுவை நிபுணர் ஹெங்க் வெர்பீஸ்ட் 1954-ல் இந்த வியாதியை விரிவாக வர்ணித்தார். இன்று எம்.ஆர்.ஐ. படம் குறுகலைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது. ஆனால், படத்தில் குறுகல் இருந்தும் வலியே இல்லாத முதியவர்கள் உண்டு. ஆகவே படத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சரி, வைத்தியம் என்ன?

முதலில் தேகப்பயிற்சி. முன்புறம் வளைவது, வயிற்றுத் தசைகளுக்கு வலுவேற்றுவது, நிலையான சைக்கிளை மிதிப்பது முதலியவற்றை நிபுணரிடம் கற்றுக் கொள்ளலாம். காய் நறுக்குவதை உட்கார்ந்தே செய்யலாம். வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் நாள்கணக்கில் விழுங்கக் கூடாது. வயிறும் சிறுநீரகமும் கெடும்.

அடுத்தது, முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி. அமெரிக்காவில் 400 நோயாளிகளிடம் சோதித்து 2014-ல் வெளியான முடிவு, மரத்துப் போகும் மருந்தை மட்டும் செலுத்துவதைவிட இதனால் பெரிய லாபம் இல்லை என்கிறது.

கடைசியாக ஆபரேஷன். நெருக்கும் எலும்பையும் தடித்த நாரையும் அகற்றி நரம்புக்கு இடம் கொடுப்பார்கள். முதுகு வலியைவிடக் கால் வலிக்கே இதில் அதிகப் பலன். 2015-ல் வெளியான இன்னொரு சோதனையில், ஆபரேஷனுக்குச் சம்மதித்திருந்த 169 பேரை இரு பிரிவாக்கினார்கள். இரண்டு வருஷம் கழித்து இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர். ஆனால் பயிற்சிப் பிரிவில் பாதிக்கு மேற்பட்டோர் இடையிலேயே ஆபரேஷன் செய்து கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எலும்புகளைத் திருகாணி வைத்து இணைப்பதும் அவசியமா? 247 பேரைக் கொண்ட ஸ்வீடன் நாட்டுச் சோதனை, இணைப்பதால் கூடுதல் நன்மை இல்லை என்று 2016-ல் தெரிவித்தது. டாக்டர் இணைக்கச் சொன்னால், “என்ன காரணம்?” என்று தயங்காமல் கேளுங்கள்.

பெரும்பாலோருக்கு அவசரமில்லை, யோசித்து முடிவு செய்யலாம். ஆனால் திடீரென்று சிறுநீர் கட்டிக் கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, கால் வலுவிழந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்!